பாஸ்தா போடுகிற நேரம்

அவசரக்காரர்களுக்கென்று மனுஷன் கண்டுபிடித்த சாமான்கள் ஏராளம். பிரஷர் குக்கர், மிக்ஸி, மைக்ரோவேவ், இரண்டு நிமிஷ நூடுல்ஸ் என்று ஒவ்வொன்றும் 'என்னைவிட வேகம் யார்?' என்று மார்தட்டும். இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு சாமான் மட்டும் எதிர்த்திசையில் நடக்கிறது. அடுப்பில் முக்கால் மணியில் ஆகிற சமையலை எட்டு மணி நேரத்துக்கு இழுக்கிறது. அதற்காகவே காசு கொடுத்து அதை வாங்குகிறார்கள். பெயர், ஸ்லோ குக்கர்.

'எட்டு மணி நேரம் மெதுவாக வேலை பார்க்க மெஷின் எதற்கு, எங்கள் செக்‌ஷனில் நான் இல்லையா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு சார். ஸ்லோ குக்கர் நடுவில் டீ குடிக்கப் போகாது.

அமெரிக்காவில் இது நம் வீட்டு கிரைண்டர் மாதிரி. எல்லார் வீட்டிலும் இருக்கும். பாதிப் பேர் வீட்டில் பரண் மேல் இருக்கும். உள்ளே தடிமனான பீங்கான் சட்டி, சுற்றிலும் மின்சாரக் கம்பி, மேலே கண்ணாடி மூடி. அவ்வளவுதான் மெஷின். விசில் கிடையாது. சத்தம் கிடையாது. காலையில் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடினால் சாயங்காலம் சாப்பாடு. நடுவில் என்ன நடக்கிறது என்று அதுவும் சொல்லாது, நீங்களும் கேட்கக் கூடாது.

எனக்கு இதோடு சம்பந்தம் ஏற்பட்டது ஒரு சுரங்கப் பாதையால்.

என் மனைவிக்கு நியூயார்க்கில் வேலை. வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூ ஜெர்சியில், நியூவார்க் நகரத்துக்கு வடக்கே பெல்வில் என்கிற ஊரில். காலை ஏழேகாலுக்கு அவள் பஸ் பிடிக்க வேண்டும். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போகிற லிங்கன் டனலைத் தாண்டினால் மன்ஹாட்டன். சாயங்காலம் அதே டனல், அதே பஸ். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஏழு மணிக்கு வீடு. டனலுக்குள் ஒரு வண்டி மக்கர் செய்தால் எட்டரை. நான் வீட்டிலிருந்து பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். அதனால் சமையல் இலாகா என்னிடம்.

சமைப்பது கஷ்டமில்லை. எப்போது சமைப்பது என்பதுதான் கஷ்டம். ஏழு மணிக்கு என்று நினைத்து வைத்த ரசமும் பொரியலும் எட்டரைக்குள் இரண்டு தடவை சூடாகி, உயிர் போய்க் கிடக்கும். எனக்கோ ஏழரைக்கே பசி காதை அடைத்து நான் சாப்பிட்டிருப்பேன். அவள் கோட்டைக் கழற்றாமல், அடுப்படியில் நின்றுகொண்டே நாலு வாய் போட்டுக்கொள்வாள்.

ஜனவரி மாசம் ஒரு ராத்திரி, வெளியே பனி கொட்டுகிறது, தட்டோடு நின்றபடி சொன்னாள்: "ஏங்க, நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு மூணு வாரமாச்சு. தெரியுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் பண்ணியிருக்கலாம். கணக்குக்கு என்ன சமாதானம்? நான் பி.காம். வேறு.

* * *

கீழ் வீட்டில் ஒரு பாட்டி. எண்பது வயசு. இத்தாலிக் குடும்பம். நான் 'மேடம்' என்று கூப்பிட்டபோது, "மேடம்னா பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ். என்னை நோன்னான்னு கூப்பிடு" என்றார். இத்தாலி பாஷையில் நோன்னா என்றால் பாட்டி. பனி விழுந்தால் அவர் வாசற்படியையும் சேர்த்து நான் தள்ளிவிடுவேன். அதற்குக் கூலி ஒரு கப் காப்பியும் ஊர் வம்பும்.

அன்றைய வம்பில் எங்கள் ராத்திரிச் சாப்பாட்டுப் பிரச்னையும் வந்தது. நோன்னா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். பாத்திர அலமாரிக்குள் பாதி உடம்பு போகிற மாதிரி குனிந்து, ஒரு பாசிப்பச்சைச் சட்டியை இழுத்து வெளியே வைத்தார்.

"1975ல வாங்கினது. எனக்கு ஒருத்திக்கு இவ்வளவு பெரிய சட்டி எதுக்கு? எடுத்துட்டுப் போ. மீட்பால் சூப் பண்ணு. காத்திருந்தா கெட்டுப் போகாத சாப்பாடு அது ஒண்ணுதான்."

மூன்றரை குவார்ட் சட்டி. நம் கணக்கில் மூன்றேகால் லிட்டர் சொச்சம். ஆஃப், லோ, ஹை என்று மூன்றே நிலை. அடியில் தகடு அடித்திருந்தது: லோவில் 75 வாட், ஹையில் 150 வாட். எட்டு மணி நேரம் லோவில் ஓடினாலும் 600 வாட்-மணி. அதாவது ஒரு யூனிட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. கணக்குப் புத்தகத்தில் இதற்குத் தேய்மானம் போட ஆரம்பித்திருந்தால், நான் பிறப்பதற்கு முன்பே மதிப்பு பூஜ்யமாகியிருக்கும். சட்டிக்கு அது தெரியாது. இன்னமும் கொதிக்கிறது.

ஆனாலும் ஐம்பது வருஷச் சாமானை அப்படியே நம்பி இறைச்சி போட்டுவிட முடியாது. 4 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அந்த எல்லையைச் சட்டி சுருக்காகத் தாண்ட வேண்டும். அதற்கு ஒரு சோதனை உண்டு. பாதிச் சட்டி தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் எட்டு மணி நேரம் விட்டு, திறந்த கையோடு தெர்மாமீட்டரை விட வேண்டும். 85க்கும் 93க்கும் நடுவே காட்டினால் பாஸ். அதற்குக் கீழே என்றால் சட்டியில் பூச்செடி வைக்கலாம், கறி வைக்கக் கூடாது. வயரில் வெடிப்பு இல்லையே என்று பார்த்துவிட்டு, ஒரு நாள் முழுக்க வெறும் தண்ணீரைச் சமைத்தேன்.

90 டிகிரி. முதல் வகுப்பு.

* * *

இந்தச் சட்டிக்கு ஒரு பூர்வ கதை இருக்கிறது.

சிகாகோவில் இர்விங் நாக்ஸன் என்று ஒரு யூதக் கண்டுபிடிப்பாளர். அவருடைய அம்மா லித்துவேனியாவின் வில்னா நகரத்துக் கதை சொல்வாராம். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். அன்று அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பீன்ஸும் இறைச்சியும் போட்ட பானையைத் தெருக்கோடி ரொட்டிக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அணைத்த அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே அது ராத்திரி முழுக்க வெந்து, மறுநாள் சாப்பாட்டுக்குத் தயாராக இருக்கும். அந்த ரொட்டிக் கடை அடுப்பை ஒரு சட்டிக்குள் கொண்டுவந்தார் நாக்ஸன். 1936ல் விண்ணப்பித்து 1940ல் பேடன்ட் கிடைத்தது. அப்போது அதற்கு பீன்ஸ் வேகவைக்கிற பாத்திரம் என்கிற அந்தஸ்துதான்.

1970ல் அவருடைய கம்பெனியை கான்சஸ் சிட்டியின் ரைவல் கம்பெனி வாங்கியது. 1971ல் 'கிராக் பாட்' என்று புதுப் பெயர் வைத்துக் கடைக்கு அனுப்பியது. முதல் வருஷ விற்பனை 20 லட்சம் டாலர். 1975ல் 9 கோடியே 30 லட்சம் டாலர்!

சட்டிக்குத் திடீரென்று கால் முளைத்ததா? இல்லை. பெண்கள் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். 1970ல் அமெரிக்கப் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் வேலைச் சந்தையில் இருந்தார்கள். 1980ல் 51 பேர். சமைக்கிறவர் வெளியே போயிருந்தாலும் சமையல் நடக்கும் என்கிற தினுசில்தான் விளம்பரம். 'சமைக்கிறவர்' என்று பொதுவாகப் போட்டிருந்தாலும் படத்தில் புடவை... மன்னிக்கவும், கவுன்தான். வேலை மாறியது; சமையல் யாருடையது என்பது மாறவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் சட்டி உட்கார்ந்துகொண்டது.

* * *

இனி சூப்.

இத்தாலியில் மீட்பாலுக்குப் பெயர் போல்பெட்டே. பொதுவாக அதைத் தனியாகத்தான் சாப்பிடுவார்கள். ஸ்பகெட்டி மலைமேல் டென்னிஸ் பந்து சைசில் உட்கார வைத்தது அமெரிக்காவுக்கு வந்த இத்தாலியர்கள். 1880க்கும் 1920க்கும் நடுவில் நாற்பது லட்சம் பேருக்கு மேல் கப்பலேறி வந்தார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலி ஏழைகள். ஊரில் பண்டிகைக்குப் பண்டிகை கண்ணில் பட்ட இறைச்சி, இங்கே வாரக் கூலியிலேயே வாங்க முடிந்தது. உருண்டை பெருத்துவிட்டது.

சூப்புக்கும் ஒரு கதை உண்டு. நேபிள்ஸ் பக்கம் 'மினெஸ்த்ரா மரித்தாத்தா' என்று ஒரு பழைய சூப். 'கல்யாணமான சூப்' என்று அர்த்தம். கல்யாணம் செய்துகொண்டது கீரையும் இறைச்சியும். இரண்டும் அவ்வளவு ஒற்றுமையாம். இங்கிலீஷில் வரும்போது அது 'வெட்டிங் சூப்', அதாவது கல்யாண வீட்டு சூப் ஆகிவிட்டது. மாப்பிள்ளை பெண் இல்லாமலேயே கல்யாண விருந்து! இங்கே அதில் கோலிக்குண்டு சைசில் மீட்பால் மிதக்கும். நோன்னாவுடையது அதற்கு அடுத்த தலைமுறை. தக்காளி, பீன்ஸ், பாஸ்தா எல்லாம் சேர்த்து, ஒரு கிண்ணம் குடித்தால் ராத்திரிச் சாப்பாடே முடிந்துவிடுகிற கனமான சூப்.

போல்பெட்டே பற்றி பெல்லெக்ரினோ அர்த்தூசி ஒரு குசும்பு செய்திருக்கிறார். இவர் ஃபிளாரன்ஸ் நகரத்துப் பட்டு வியாபாரி. நம்ம காமர்ஸ் குரூப்! சமையல் புத்தகம் எழுதினார், ஒரு பதிப்பாளரும் சீந்தவில்லை. 1891ல் சொந்தச் செலவில் ஆயிரம் பிரதி போட்டார். இன்றைக்கும் இத்தாலிய வீடுகளில் அதுதான் சமையல் வேதம். அதில், போல்பெட்டே பிடிக்கக் கற்றுக் கொடுப்பதாக நான் பாவனை செய்ய மாட்டேன், கழுதைக்குக்கூட அது தெரியும் என்கிற மாதிரி சொல்லிவிட்டு, மீந்துபோன வேகவைத்த இறைச்சியில் செய்கிற முறையைக் கொடுக்கிறார். விஷயம் அதுதான். உருண்டை என்பதே இருக்கிற கொஞ்சத்தை நாலு பேருக்குக் காணும்படி செய்கிற வித்தை. கறியோடு சரிக்குச் சரி ரொட்டியும் சேர்ந்திருக்கும்.

நான் உருண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது காரைக்குடியிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். எனக்குக் காலை ஒன்பதரை, ஊரில் ராத்திரி எட்டு.

"யாருடா தம்பி சமையல்?"

"நான்தாம்மா."

"அவ எப்ப வருவா?"

"ஏழு ஆகும்மா. டனல்ல மாட்டினா எட்டரை."

பதிமூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு பெருமூச்சு வந்து சேர்ந்தது. "பி.காம். படிச்ச பிள்ளை..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டால்தான் ஜாஸ்தி வலிக்கும் என்பது அம்மாக்களுக்குத் தெரியும். நானும் பதில் சொல்லவில்லை. கையில் கறி ஒட்டியிருந்தது.

பிறகு கேமராவைக் கிட்டே கொண்டுவரச் சொன்னாள்.

"அது என்னடா, கோலா உருண்டையா?"

"இத்தாலிக் கோலாம்மா."

"பொட்டுக்கடலை மாவு போட்டியா?"

"இதுக்கு ரொட்டி. பால்ல ஊற வெச்சு."

"ம்... அதுவும் பிடிச்சுக்கும். அழுத்திப் பிசையாதே. கல்லாப் போயிடும்."

முந்தின நாள்தான் நோன்னா இதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, பாஷை வேறு, கடவுள் வேறு. உருண்டை விஷயத்தில் மட்டும் கட்சி ஒன்று.

* * *

செய்முறை சொல்கிறேன். பேச்சிலர் சாமிகள் பேப்பர் பென்சில் எடுத்துக்கொள்ளலாம்.

கொத்துக்கறி அரைக் கிலோ. இத்தாலிக்காரர்கள் மாட்டையும் பன்றியையும் கலப்பார்கள். ஆடு, கோழி, வான்கோழி எதுவும் சரிதான். ஓரம் நீக்கிய இரண்டு துண்டு ரொட்டியைக் கால் கப் பாலில் ஊறவைத்துக் கூழாக்குங்கள். அதோடு ஒரு முட்டை, நாலு ஸ்பூன் துருவிய பார்மசான் சீஸ், நசுக்கிய பூண்டு இரண்டு பல், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி, உப்பு, மிளகு. கொத்துக்கறியைக் கடைசியில் சேர்த்து, விரலால் கலந்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தால் கறியில் இருக்கிற புரோட்டீன் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகிவிடும். பாலில் ஊறிய ரொட்டி நடுவில் புகுந்து அதைத் தடுக்கிறது. உருண்டை மெத்தென்று இருப்பதற்குக் காரணம் எட்டு மணி நேரம் அல்ல, இந்த ரொட்டிதான்.

நெல்லிக்காய் அளவு உருண்டைகளாகப் பிடித்து, வாணலியில் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் விட்டு நாலு பக்கமும் சிவக்க விடுங்கள். 'அதான் சட்டியில் வேகப்போகிறதே' என்று சோம்பல்படக் கூடாது. தண்ணீர் இருக்கிற சட்டி 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து மணம் வருவதற்கு 140 டிகிரியாவது வேண்டும். அந்த மணத்தை வாணலியில்தான் சம்பாதிக்க முடியும். தவிர, மேல்தோல் இறுகினால் உருண்டை சூப்பில் உதிராது.

அதே வாணலியில் ஒரு வெங்காயம், ஒரு கேரட், ஒரு செலரித் தண்டு மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்குங்கள். இத்தாலியில் இதற்கு சொஃப்ரித்தோ என்று பெயர். நம் தாளிப்புக்கு சமானம், என்ன, வெடிக்காது. இதைச் சட்டியில் கொட்டி, மேலே உருண்டைகளை அடுக்கி, 400 கிராம் டப்பாத் தக்காளி, ஒரு லிட்டர் சூடான கோழி ஸ்டாக், ஒரு பிரிஞ்சி இலை, டப்பாவில் வருகிற வேகவைத்த வெள்ளை பீன்ஸ். முக்கியமாக ஒன்று, சீஸ் துருவித் தீர்ந்த பிறகு மிஞ்சுகிற கெட்டித் தோல். அதைத் தூக்கி எறிகிறவனுக்கு இத்தாலியில் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று நோன்னா சொல்கிறார். சூப்பில் கிடந்தால் அதன் ருசியெல்லாம் இறங்கிவிடும். பரிமாறுமுன் தோலை எடுத்துவிடலாம்.

மூடி, லோ, எட்டு மணி நேரம்.

மூன்று எச்சரிக்கை. ஒன்று, ஐஸ் கட்டியாக இருக்கிற இறைச்சியை நேரே சட்டியில் போடாதீர்கள். கிருமி எல்லையை அது தாண்டுவதற்குள் பொழுது போய்விடும். இரண்டு, டப்பா பீன்ஸுக்குப் பதில் காய்ந்த ராஜ்மா போடுகிறவர்கள், ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவிட்டுத்தான் போட வேண்டும். பச்சை ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டுகிற விஷம் இருக்கிறது. ஸ்லோ குக்கர் சூட்டுக்கு அது அடங்காது. மூன்று, மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் போன சூட்டைத் திரும்பப் பிடிக்க இருபது, முப்பது நிமிஷம் ஆகும். பரீட்சை ரிசல்ட் மாதிரி. எட்டிப் பார்ப்பதால் மார்க் கூடாது.

சாப்பிடுவதற்கு அரை மணிக்கு முன்னால் ஹையில் வைத்து, தித்தலீனி என்கிற குட்டிக் குழாய் பாஸ்தா முக்கால் கப். பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கட்டுக் கீரை. பாஸ்தாவைக் காலையிலேயே போட்டால் சாயங்காலம் கஞ்சிதான் கிடைக்கும். தாமதமாகப் போட்டால் பல்லில் கடிபடும். மொத்த சூப்பிலும் நேரம் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம் இது ஒன்றே ஒன்று.

* * *

சூப்பைப் பற்றி யோசித்தால் ஒன்று புரிகிறது. நெல்லிக்காய் அளவு உருண்டை வேக அரை மணி போதும். எட்டு மணி நேரம் யாருக்கு வேண்டும்? உருண்டைக்கு இல்லை, ஆபீசுக்கு வேண்டும். சட்டியின் கடிகாரம் ஃபாக்டரி சங்கைப் பார்த்து வைத்தது. நோன்னாவிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, 1975ம் வருஷக் கதையைச் சொன்னார்.

நியூவார்க்கில் கோட்டு தைக்கிற ஃபாக்டரியில் அவருக்கு வேலை. இரண்டு குழந்தைகள். கூடவே மாமியார், அவெல்லினோ பக்கத்து கிராமத்திலிருந்து வந்தவர். முட்டி வலி, அடுப்படியில் நிற்க முடியாது. ஆனால் அடுப்படியை உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆளத் தெரியும். மருமகள் முதல் மாசச் சம்பளத்தில் பாசிப்பச்சைச் சட்டியை வாங்கி, காலையில் சூப் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஆறு மணிக்கு வந்து பரிமாறினாள். மாமியார் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"ஆள் நிக்காம வெந்தது சாப்பாடு இல்லை."

அன்றைக்கு ரொட்டியும் சீஸும் தின்றுவிட்டுப் படுத்தார். மறுநாளும் அப்படியே. "மூணாம் நாள் வேலையை விட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார் நோன்னா.

கணவர் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றுகிறவர். ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவார். அதிகம் பேச மாட்டாராம். மூன்றாம் நாள் நோன்னா ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால், மனுஷர் கையைக் கழுவி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கையில் கரண்டியோடு சட்டி பக்கத்தில் நிற்கிறார். ஐந்தரைக்குப் பாஸ்தாவைப் போட்டுவிட்டு அரை மணியாக அப்படியே நிற்கிறாராம், காவலுக்கு நிற்கிற சிப்பாய் மாதிரி.

அம்மாவைப் பார்த்து, "இப்ப ஆள் நிக்குதே" என்றார்.

மாமியார் மகனை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கிண்ணத்தை நீட்டினார்.

"அவருக்கு வேற ஒரு சமையலும் தெரியாது" என்றார் நோன்னா. "முட்டை வேகவைக்கத் தெரியாது. ஆனா 2006ல அவர் போற வரைக்கும் பாஸ்தா அவர்தான் போட்டார். முப்பத்தொரு வருஷம். ஒரு நாள்கூட குழையலை."

அதற்குப் பிறகு அந்தச் சட்டி அலமாரிக்குள் போய்விட்டது. எனக்காக இழுத்தபோதுதான் வெளியே வந்தது.

* * *

எங்கள் வீட்டில் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் இந்த சூப். காலை பத்து மணிக்குச் சட்டியை லோவில் வைத்துவிட்டு நான் எழுத உட்கார்ந்துவிடுவேன். அடுப்பில் ஒரு கண்ணும் பேப்பரில் ஒரு கண்ணுமாக இருந்தால் குழம்பும் தீயும், கட்டுரையும் தீயும். இதில் இரண்டும் பிழைக்கின்றன. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் போன் சிணுங்கும். மனைவி இரண்டே வார்த்தை அனுப்புவாள்: 'டனல் தாண்டியாச்சு.'

டனலிலிருந்து எங்கள் வீட்டுக்கு நாற்பது நிமிஷம். ஐந்து நிமிஷம் பொறுத்துச் சட்டியை ஹைக்குத் திருப்பிப் பாஸ்தாவைப் போடுவேன். டனலுக்குள் பஸ் மாட்டிக்கொண்டால் செய்தி வராது. வராவிட்டால் போகட்டும், சூப் லோவில் இன்னொரு மணி நேரம் கிடக்கும். அதற்குக் கோபம் வராது. எட்டரைக்கு வந்தாலும் பாஸ்தா அப்போதுதான் வெந்த பாஸ்தா. அவள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்கிறாள். எதிரே நானும் உட்கார்கிறேன். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. அவள் மேனேஜரைத் திட்டுவாள், நான் ஆமாம் போடுவேன். வீடு என்றால் அதுதானே.

முதல் தடவை செய்த அன்று ஒரு கிண்ணம் மூடி வைத்துக் கீழே கொண்டுபோனேன். நோன்னா உருண்டையைத் தொடவில்லை. கரண்டியால் ஒரு பாஸ்தாவை மட்டும் எடுத்து, முன்பல்லால் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"பூண்டு பத்தாது" என்றார். அப்புறம், "பாஸ்தா யார் போட்டது?"

"நான்தான்."

"நேரத்துக்குப் போட்டிருக்கே" என்றார். அவ்வளவுதான். கிண்ணத்தை மறுநாள் கழுவிக் கொடுத்தபோது உள்ளே நாலு பல் பூண்டு இருந்தது.

கோட்டு சூட்டு போட்ட ஆபீஸ் நண்பர்களே, கல்யாணமாகி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். எட்டு மணி நேரத்தைச் சட்டி பார்த்துக்கொள்ளும். கடைசி அரை மணிக்கு ஆள் வேண்டும். முழுச் சமையலும் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு முதலில் வருகிறவர் கையைக் கழுவிக்கொண்டு நின்றால் போதும்.

போன வாரம் சாயங்காலம் ஆறேகாலுக்கு அம்மா கூப்பிட்டாள். ஊரில் விடியற்காலை, வாசல் தெளிக்க எழுந்திருப்பாள். வழக்கம்போல 'யாரு சமையல்?' வரும் என்று தயாராக இருந்தேன்.

"அவ டனல் தாண்டிட்டாளாடா?"

"இன்னும் இல்லம்மா."

"அப்ப நீ போனை வை. அவ செய்தி வர்ற நேரம். பாஸ்தா போடணும்ல?"